பெரியம்மா வீட்டு வெந்நீர்த் தோம்பும் அதற்குள் ஓடும் வாயுவும்

தீபாவளி விடியற்காலையில் பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் பெரியம்மா வீட்டில் பதினான்கு பேர் குளிக்க வேண்டும். எண்ணெய்க் குளியல், வெந்நீர் இல்லாமல் நடக்காது. நல்லெண்ணெய் வழியும் தலையோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள், குளியலறைக் கதவைத் தட்டும் அண்ணிகள், அடுப்பின் ஒரு பக்கம் இட்டிலிப் பானை, மறுபக்கம் வெந்நீர் அண்டா. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு குளியலறை ஹீட்டர்களும் மின்கேத்தலும் ஒரே நேரத்தில் ஓடியதில் வீடே இருண்டுபோனது. எண்ணெய்த் தலையோடு, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பிரேக்கரைத் தேடியவன் நான்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு வெப்பப் பம்புத் தோம்பை வாங்கிப் பின்கட்டுச் சமையலறை ஓரமாக நிறுத்தினார். ஆள் உயர வெள்ளை உருளை. 200 லிட்டர் பிடிக்கும். உச்சியில் ஒரு விசிறி. அதன் பக்கத்தில், ஏர்கோனின் வெளிப்பெட்டியில் இருப்பதுபோல நெருக்கமான அலுமினியத் தகடுகள். பெரியம்மா தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இது எதை எரித்துத் தண்ணீரைச் சூடாக்குகிறது?”

“எதையும் எரிப்பதில்லை பெரியம்மா. காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரில் போடுகிறது.”

“காற்று 30 டிகிரி. தண்ணீர் 55 டிகிரிக்குப் போக வேண்டும். முப்பது எப்படியப்பா ஐம்பத்தைந்தைச் சூடாக்கும்? உள்ளங்கையை வைத்துக் கொதிக்கிற சட்டியைச் சூடாக்க முடியுமா?”

மிகச் சரியான கேள்வி. விற்க வந்த பையனுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. மின்கட்டணம் குறையும் என்பதை மட்டும் நான்கு முறை சொல்லிவிட்டுப் போனான். பெரியம்மாவுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சூடு எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். மேசையில் வைத்த தே தாரிக் ஆறும். ஆறிய தே தாரிக் அறையில் உள்ள சூட்டை உறிஞ்சித் தானாகக் கொதித்ததாக யாரும் கண்டதில்லை. ஆனால், இந்த விதியில் ‘தானாக’ என்ற சொல்தான் முக்கியம். தண்ணீரும் தானாக மேட்டுக்கு ஏறாது. மோட்டார் வைத்தால் மாடித் தொட்டிக்கு ஏறிவிடுகிறது அல்லவா? சூட்டையும் அப்படி ஏற்றலாம். கொஞ்சம் மின்சாரத்தைக் கூலியாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியம்மா வீட்டு மாடிச் சன்னலிலிருந்து கொடிமலை ரயில் பாதை தெரியும். 1923 முதல் ஓடும் ரயில். அடிவாரத்தில் ஆட்கள் ஏறுகிறார்கள், கம்பிவடம் பெட்டியை இழுக்கிறது, உச்சியில் இறங்குகிறார்கள், பெட்டி கீழே வருகிறது. மின்சாரம் செலவாவது பெட்டியை இழுக்கத்தான். ஆட்களை மின்சாரம் உண்டாக்கவில்லை. சாதாரண மின் ஹீட்டர், ஆட்களையே மின்சாரத்தில் செய்து உச்சியில் இறக்குகிற மாதிரி: கொடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு யூனிட் சூடு, அதற்கு மேல் ஒரு துளியும் கிடையாது. வெப்பப் பம்போ, அடிவாரத்தில் சும்மா நிற்கும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகிறது. காற்றில் உள்ள சூடுதான் அந்தக் கூட்டம். 30 டிகிரிக் காற்று நமக்கு ‘சாதாரணம்’ என்று தோன்றலாம். ஆனால் சூடு என்பது முற்றிலும் இல்லாமல் போவது மைனஸ் 273 டிகிரியில்தான். அங்கிருந்து பார்த்தால் பினாங்குக் காற்று 300 டிகிரிக்கும் மேலே நிற்கிறது. அடிவாரத்தில் பயணிகளுக்குப் பஞ்சமே இல்லை.

அந்தப் பெட்டி எது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம். குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு பொருள் அது. நூல்கள் குளிர்பதனப் பொருள் என்கின்றன. ஏர்கோன் பழுதுபார்ப்பவரிடம் கேட்டால் ‘கேஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். நானும் இங்கே வாயு என்றே சொல்கிறேன், உள்ளே பாதி வழி அது திரவமாக ஓடினாலும்.

இது எப்படிச் சூட்டைச் சுமக்கிறது என்பதற்கு நம் வீட்டிலேயே மூன்று சாட்சிகள் இருக்கின்றன.

முதலாவது, யூடிகோலன். காய்ச்சலில் படுத்த பிள்ளையின் நெற்றியில் அதை நனைத்துப் போட்டால் சில்லென்று இருக்கும். பாட்டிலில் இருக்கும்போது அது அறையின் சூட்டில்தான் இருந்தது. ஆனால் ஆவியாகும்போது நெற்றியிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. ஒரு திரவம் ஆவியாக வேண்டுமென்றால் பக்கத்திலிருந்து சூட்டைப் பிடுங்கியே தீரும்.

இரண்டாவது, இட்டிலிப் பானை. இட்டிலியை வேகவைப்பது அடியில் கொதிக்கும் தண்ணீர் அல்ல. மேலே எழும் நீராவி மாவின் மேல் பட்டுத் திரும்பத் தண்ணீராகும்போது, தான் சுமந்து வந்த சூட்டை அங்கே கொட்டிவிடுகிறது. மூடியை அவசரமாகத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதே 100 டிகிரிதான், ஆனாலும் ஆவிச் சூடு தண்ணீர்ச் சூட்டைவிடக் கொடியது. ஆவியாகும்போது வாங்கிய கடனை, திரவமாகும்போது வட்டியில்லாமல் திருப்பிக் கொடுக்கிறது.

மூன்றாவது, பிரஷர் குக்கர். அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும். குக்கருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. அதனால்தான் கொண்டைக்கடலை சீக்கிரம் வேகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலையும் இறங்கிவிடும்.

இந்த மூன்றையும் ஒரு குழாயில் கோத்தால் வெப்பப் பம்பு. அண்ணன் வாங்கிய தோம்பில் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. திறந்த வெளியில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துப் பறந்துவிடும். ஏறக்குறைய 5 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வைத்தால் கொதிநிலை 15 டிகிரிக்கு வருகிறது. அந்த நிலையில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஓடும் செம்புக் குழாய்க்குள் அதை அனுப்புகிறார்கள். விசிறி 30 டிகிரிக் காற்றை அதன் மேல் இழுக்கிறது. 15 டிகிரியில் கொதிக்கும் ஒரு பொருளுக்கு 30 டிகிரிக் காற்று அடுப்பு நெருப்பு மாதிரி. கொதிக்கிறது, ஆவியாகிறது, காற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இது யூடிகோலன் கட்டம். அடிவார நிலையத்தில் பயணிகள் ஏறியாயிற்று.

அடுத்து கம்ப்ரசர். மின்சாரத்தின் பெரும்பகுதி இங்கேதான் செலவாகிறது. ஆவியைப் பிடித்து ஏறக்குறைய 17 பார் வரை அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதுபோல் ஆவியும் சூடேறுகிறது. அதைவிட முக்கியம், அந்த அழுத்தத்தில் அதன் கொதிநிலை 60 டிகிரிக்கு உயர்ந்துவிடுகிறது. அதாவது, 60 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அது திரவமாக மாறத் தொடங்கும். தோம்பைச் சுற்றிப் பாம்புபோல் வளைந்து போகும் குழாயில் அது ஓடுகிறது. உள்ளே 27 டிகிரித் தண்ணீர். இட்டிலிக் கட்டம். சூட்டை முழுவதும் இறக்கிவிட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகலான வால்வு வழியாகப் பீய்ச்சப்படும்போது அழுத்தம் மறுபடியும் 5 பாருக்கு விழுகிறது, கொதிநிலையும் 15 டிகிரிக்கு விழுகிறது. காலிப் பெட்டி அடிவாரத்துக்கு வந்துவிட்டது.

முப்பது ஐம்பத்தைந்தைச் சூடாக்கவில்லை, பெரியம்மா. முப்பது பதினைந்தைச் சூடாக்கியது. அறுபது ஐம்பத்தைந்தைச் சூடாக்கியது. இடையில் பதினைந்தை அறுபதாக்கியது கம்ப்ரசர்.

அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, பென்சிலையும் பழைய நாட்காட்டித் தாளையும் எடுத்தார். 200 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற எவ்வளவு சக்தி வேண்டும்? ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4.186 கிலோ ஜூல். 200 பெருக்கல் 28 பெருக்கல் 4.186, ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோ ஜூல் என்பதால் அதனால் வகுக்க, 6.5 யூனிட். யூனிட்டுக்கு 45 காசு என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், சாதாரணக் கம்பிச்சுருள் ஹீட்டரில் 2 வெள்ளி 93 காசு. வெப்பப் பம்பு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் சூட்டை இறக்குகிறது என்று எடுத்துக்கொண்டால், செலவு 1.86 யூனிட், 84 காசு. இந்த மூன்றரைதான் விளம்பரத் தாள்களில் சி.ஓ.பி. என்று போட்டிருக்கும் எண். ஒன்றைக் கொடுத்து மூன்றரையை வாங்குவது மோசடிபோல் தெரிந்தாலும், மீதி இரண்டரை காற்றிலிருந்து வந்தது. எதுவும் சூனியத்திலிருந்து முளைக்கவில்லை.

பினாங்கு ஈரக்காற்று ஊர் என்பது இங்கே கூடுதல் வரவு. குளிர்ந்த தகடுகளின் மேல் காற்றில் உள்ள ஈரம் படிந்து சொட்டுச் சொட்டாக வடிகிறது. நீராவி தண்ணீராகும்போது சூட்டைக் கொட்டும் என்று இட்டிலிப் பானையில் பார்த்தோம். இப்படி ஒரு லிட்டர் வடிந்தால் ஏறக்குறைய 0.68 யூனிட் சூடு வாயுவுக்குக் கிடைத்துவிட்டது என்று பொருள். ஏறக்குறைய 20 லிட்டர் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்கும் மேலே, 55 டிகிரிக்குக் கொண்டுபோக அது போதும். அந்த வடிகுழாயின் முனையை அண்ணன் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

சி.ஓ.பி. எண் கல்லில் பொறித்தது அல்ல. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே உள்ள உயரம் கூடக்கூட இழுவைக் கூலி கூடும். பனி விழும் நாடுகளில் அடிவாரம் மைனஸ் 5 டிகிரியில் கிடக்கும். தகடுகளில் பனி உறைந்து, அதை உருக்குவதற்கே மின்சாரம் செலவழிக்க வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் அடிவாரம் 25 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் இடையில் நிற்கிறது. இந்தக் கருவிக்கு நம் ஊரைவிடத் தோதான இடம் உலகில் அதிகம் இல்லை என்பேன். உச்சி நம் கையில் இருக்கிறது: 65 டிகிரி என்று முறுக்கி வைத்துவிட்டுக் கட்டணம் ஏறுகிறது என்று புலம்பக்கூடாது. அதற்காக 42 டிகிரியில் வைத்துவிட்டாலும் தவறு. தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீர் லெஜியோனெல்லா என்ற கிருமிக்குத் தாய்வீடு, நுரையீரலைத் தாக்கும். ஆகவேதான் பல தோம்புகள் வாரத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைத் துணைக்கு அழைத்து 60 டிகிரியைத் தாண்டிவிட்டு வருகின்றன. அந்த வசதியை அணைத்து வைக்க வேண்டாம்.

இனி பெட்டிக்கு வருவோம்.

ஆரம்பக் காலக் குளிர்பதனக் கருவிகளில் அம்மோனியாவும் கந்தக டைஆக்சைடும் ஓடின. நன்றாக வேலை செய்தன. கசிந்தால் ஆளைக் கொன்றன. 1928இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க வேதியியலரின் குழு குளோரோஃபுளோரோகார்பன்களைக் கொண்டுவந்தது. எரியாது, நஞ்சு இல்லை, நாற்றம் இல்லை. அரை நூற்றாண்டு உலகம் அதைக் கொண்டாடியது. 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலர்கள், இந்த வாயுக்கள் வானத்தின் மேலடுக்கில் உடைந்து குளோரினை விடுவித்து ஓசோனை அழிக்கும் என்று எழுதினார்கள். 1985இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்து கிடப்பது தெரியவந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று, இந்த வாயுக்களைக் குறைப்பதற்கான மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. மலேசியா 1989இல் சேர்ந்தது. மோலினாவுக்கும் ரோலண்டுக்கும் 1995இல், ஓசோனை ஆராய்ந்த பால் குருட்சனோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. நாடுகள் கூடிப் பேசி உருப்படியாக ஒன்றைச் செய்து முடித்த அரிய கதைகளில் இது ஒன்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. குளோரினை எடுத்துவிட்டுச் செய்த புதிய வாயுக்கள் ஓசோனை விட்டுவிட்டன. வேறு இடத்தில் கைவைத்தன. அவை பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவுக்கு அண்ணன்மார். ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில், 1,430 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமம். பல வீட்டு ஏர்கோன்களில் இன்னமும் இருக்கும் ஆர்-410ஏ, 2,088. புதிய ஏர்கோன்களில் வரும் ஆர்-32, 675. இவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் இன்னொரு உடன்பாடு ஏற்பட்டது. மலேசியா இருக்கும் வளரும் நாடுகளின் பிரிவு 2024இல் பயன்பாட்டை ஓர் அளவோடு நிறுத்தி, 2045க்குள் 80 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது அதன் அட்டவணை.

அப்படியானால் ஏர்கோனில் ஓடும் வாயுவையே எல்லாத் தோம்புகளிலும் ஊற்றாமல், இத்தனை ஆண்டுகள் ஆர்-134ஏவைப் பிடித்துத் தொங்கியது ஏன்? இதற்கு ‘மாறுநிலை வெப்பநிலை’ என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு சூட்டு எல்லை உண்டு. அதற்கு மேல் போனால் எத்தனை பார் அமுக்கினாலும் அது திரவமாகாது. திரவமாகவில்லை என்றால் இட்டிலிக் கட்டம் இல்லை. ஆர்-410ஏவுக்கு இந்த எல்லை ஏறக்குறைய 71 டிகிரி, ஆர்-32க்கு 78. தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக முயலும்போது இவை எல்லைக்கு மிக அருகில் மூச்சுத் திணறும், அழுத்தமும் எகிறும். அறையைக் குளிரவைக்கும் வேலையில் இந்தத் தொல்லை இல்லை. ஆர்-134ஏவின் எல்லை 101 டிகிரி. சூட்டுத் தண்ணீருக்கு அது சாவகாசமான இடம்.

இப்போது அந்த இடத்துக்கு வந்துகொண்டிருப்பது ஆர்-290. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இல்லை, கொஞ்சம் பயப்படலாம். அது புரோபேன். நம் அடுப்புக்கு வரும் 14 கிலோ எரிவாயுத் தோம்பில் இருப்பதும் புரோபேனும் பியூட்டேனும்தான். வெப்பப் பம்புக்காரர்களுக்கு இதில் எல்லாமே பிடித்திருக்கிறது: எல்லை 97 டிகிரிக்குச் சற்றே குறைவு, தண்ணீரை 70 டிகிரிவரை கொண்டுபோகும், பூமியைச் சூடாக்கும் எண் மூன்றோ அதற்கும் குறைவோ. ஒரே குறை, தீப்பிடிக்கும். ஆகவே வீட்டுத் தோம்புகளில் சில நூறு கிராமுக்குள் அடக்கிவிடுகிறார்கள். அடுப்புக்குக் கீழே 14 கிலோவை வைத்துக்கொண்டு தூங்குகிறோம்; புதிய குளிர்பதனப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் ஓடுவது பலருக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புரோபேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். மூடிய சாமான் அறையிலோ, சாக்கடைக் குழியின் ஓரத்திலோ, அடுப்புக்குப் பக்கத்திலோ இதை நிறுத்தக் கூடாது. பழைய கருவியில் இருந்த வாயு தீர்ந்துவிட்டது என்று, மலிவாகக் கிடைக்கும் புரோபேனை அதில் அடைத்துத் தருவதாக யாராவது சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். தீப்பொறி வராத சுவிட்சுகளோடு செய்யப்பட்ட கருவி வேறு, சாதாரணக் கருவி வேறு.

எனக்கு மிகவும் பிடித்த பெட்டி ஆர்-744. இந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது கரியமில வாயு. ஆம், சோடாப் பாட்டிலில் நுரைப்பதுதான். பூமியைச் சூடாக்கும் எண் அதற்கு ஒன்று; அளவுகோலே அதுதானே. அதன் மாறுநிலை வெப்பநிலை வெறும் 31 டிகிரி. பினாங்கில் பிற்பகல் காற்றே அதைத் தாண்டிவிடும். 31ஐத் தாண்டினால் திரவமாகாது என்றால் 60 டிகிரித் தண்ணீரை எப்படிச் சூடாக்கும்? இங்கே பொறியாளர்கள் இட்டிலிக் கட்டத்தையே கைவிட்டார்கள். கரியமில வாயுவை 100 பாரை ஒட்டி, கார் டயரைவிட நாற்பது மடங்கு அழுத்தத்துக்குத் தள்ளி, நன்றாகக் கொதிக்கிற சூட்டில் விடுகிறார்கள். அது திரவமாகாமலே, தண்ணீருக்கு எதிர்த்திசையில் ஓடிப் படிப்படியாக ஆறுகிறது. கொடிமலை ரயிலுக்கு நடுவழி நிலையங்களும் உண்டல்லவா? பயணிகளை உச்சியில் மட்டும் கொட்டாமல், திரும்பி வரும் வழியில் 90 டிகிரியில் சிலர், 70இல் சிலர், 40இல் சிலர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் இறக்கிவிடும் பெட்டி இது. உலகம் மறந்துபோன இந்த வாயுவை நார்வேப் பொறியாளர் குஸ்டாவ் லாரன்ட்சன் மீட்டுக் கொண்டுவந்தார். 2001இல் ஜப்பான் இதை ‘எக்கோக்யூட்’ என்ற பெயரில் வீட்டுத் தோம்பாக விற்கத் தொடங்கியது. 90 டிகிரிவரை கூடத் தண்ணீர் தரும்.

நம் ஊருக்கு? இங்கேதான் ஒரு சிறு ஏமாற்றம். இந்த வித்தைக்கு உள்ளே வரும் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கடைசி நிலையம் வரை எல்லாப் பயணிகளும் இறங்குவார்கள். ஜப்பானியக் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் பத்து டிகிரிக்கும் கீழே போகும். நம் குழாயில் வருவது 27, 28. பாதிப்பேர் இறங்காமலே பெட்டியில் திரும்பி வருவார்கள். வேலை செய்யாது என்பதல்ல. ஜப்பானில் காட்டும் கெட்டிக்காரத்தனத்தை இங்கே முழுவதும் காட்டாது.

பெரியம்மா தோம்பின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த விவரத் தகட்டைப் படித்தார்: ஆர்-134ஏ, 0.9 கிலோ. உடனே பெருக்கினார். 1,287 கிலோ கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும் என்றேன். வகுத்துப் பார்த்தார்: 560 லிட்டர். 40 லிட்டர் பிடிக்கும் காரை பதினான்கு முறை நிரப்புகிற பெட்ரோல், இந்தக் குழாய்க்குள் அடைந்து கிடக்கிறது.

அடைந்து கிடக்கும்வரை அது யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. வாயு தேய்வதில்லை, தீர்வதில்லை, புளித்துப்போவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதே வாயு சுற்றலாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் வீட்டு ஏர்கோனுக்கு ஒருவர் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்து ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று அடைத்துக் காசு வாங்கிப் போனார். நான்காவது ஆண்டு வந்த வேறொருவர், குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினார். ஒரு நட்டின் ஓரத்தில் குமிழி மெதுவாக ஊதிப் பெருத்தது. ஒரு முறுக்கு முறுக்கினார். அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் கேஸ் அடைக்கவில்லை. மூடிய குழாயில் வாயு குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் வாயுவை மட்டும் அடைப்பவர், என் காசையும் அந்த வாயுவையும் சேர்த்து வானத்துக்கு அனுப்புகிறார்.

அதைவிடப் பெரிய கசிவு கருவி செத்த பிறகு நடக்கிறது. பழைய சாமான் லோரி வரும். செம்புக்கு விலை உண்டு, குழாயை வெட்டுவார்கள். ‘உஸ்’ என்று ஒரு சத்தம், பத்து விநாடி. 560 லிட்டர் பெட்ரோல் போயிற்று. குளிர்பதன வாயுக்களைக் கையாள்வது பற்றி 1999லேயே இங்கே சுற்றுச்சூழல் விதிமுறைகள் வந்துவிட்டன. வாயுவை உறிஞ்சி எடுத்து அடைத்துவைக்கும் கருவி உள்ள பழுதுபார்ப்பவரை முதலில் அழையுங்கள். லோரிக்காரர் பிறகு வரட்டும்.

சரி, வாங்கலாமா? எல்லோரும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று பேர் உள்ள அடுக்குமாடி வீட்டில், சுவரில் மாட்டிய 3.6 கிலோவாட் ஹீட்டர் பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட் எடுக்கிறது, 27 காசு. தேக்கி வைக்காததால் தேங்கிய சூடு வீணாவதும் இல்லை. அங்கே போய்ப் பல ஆயிரம் வெள்ளி கொடுத்துத் தோம்பு வைத்தால், போட்ட காசை மீட்பதற்குள் தோம்பு துருப்பிடித்துவிடும். பெரிய குடும்பம், நாளுக்குப் பலமுறை வெந்நீர் தேவைப்படும் முதியவர்கள், ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர்கள், நாள் முழுவதும் எண்ணெய்ப் பிசுக்குத் தட்டு கழுவும் நாசி கண்டார் கடைகள்: கணக்கு கூடிவருவது இங்கேதான். வாழை இலை உணவகத்துக்குத் தட்டு கிடையாது என்றாலும் அண்டாக்கள் உண்டு. கூரையில் ஏற்கெனவே சூரிய வெந்நீர்க் கலம் இருந்து நன்றாக ஓடுகிறது என்றால் அதை விடாதீர்கள்.

இது மெதுவான கருவி என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அரை கிலோவாட் மின்சாரத்தை எடுத்து ஒன்றே முக்கால் கிலோவாட் சூட்டை இறக்கும் பம்பு, 200 லிட்டரை முழுதாகச் சூடாக்க மூன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். அதனால்தான் தோம்பு வேண்டியிருக்கிறது. சத்தமும் உண்டு, பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சன்னலுக்கு நேராக வைக்காமல் இருப்பது உறவுக்கு நல்லது. தோம்பின் உள்சுவரைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியக் கம்பியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும். கடையில் கேட்க வேண்டியது இரண்டுதான்: எந்த வாயு, எத்தனை கிராம். விற்பவர் விழித்தால் விவரத் தகட்டை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

சென்ற தீபாவளிக்கு 55 டிகிரித் தண்ணீரோடு குழாய்த் தண்ணீரைக் கலந்து, 40 டிகிரி வாளிகளாக நிரப்பினோம். 200 லிட்டர் வெந்நீர், கலந்தால் 430 லிட்டர் ஆக வேண்டும். அடியில் நுழையும் பச்சைத் தண்ணீர் கொஞ்சத்தைக் கெடுத்துவிடும் என்று கழித்துப் பெரியம்மா 350 என்று எழுதிவைத்தார். ஆளுக்கு 25 லிட்டர், பதினான்கு வாளி. கடைசி வாளி அண்ணனுக்கு. கொஞ்சம் ஆறியிருந்தது என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

முதலில் அண்ணன் அதை இரவு இரண்டு மணிக்கு ஓடும்படி வைத்திருந்தார். அடுத்த முறை நான் போனபோது நேரம் மாறியிருந்தது: பிற்பகல் மூன்று. அந்த நேரத்தில்தான் காற்று மிகச் சூடாக இருக்கும், ஏற்றம் குறைவு, மின்சாரமும் மிச்சம், பெரியம்மா அதைக் கணக்கிட்டுத்தான் மாற்றியிருப்பார் என்று நினைத்துப் பாராட்டப் போனேன். அவர் முறத்தில் முருங்கைக்கீரையோடு தோம்புக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சூட்டைப் பறிகொடுத்த காற்று விசிறியிலிருந்து சில்லென்று அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“சமையல்கட்டுக்கு ஏர்கோன் கேட்டேன், இருபது ஆண்டாக ஒருவரும் வாங்கித் தரவில்லை” என்றார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.